மீண்டும் ஒரு முறை கோதாவில் இறங்கலாமா?

மாணவ நேயர் சிலர் எழுதியனுப்பிய வினாவொன்று சில வாரங்களாக எமது மேசையிற் கிடக்கின்றது. "காயமுற்று ஓய்வு பெற்ற மல்லன் ஒருவன், பல ஆண்டுகளின் பின், இன்னும் ஒரேயொரு போட்டிக்காக மீளலாமா?" என்பதே அவ்வினா. எழுதியவர்கள் அமெரிக்க மல்யுத்தத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்து வளர்ந்தவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகின்றது. வீட்டிலுள்ள பெரியவர்கள் இதனைக் கேட்டு முகஞ் சுளிப்பர் என்பதை நாம் அறிவோம். "முன்னரே முடிவு கட்டிவைத்த கூத்து, இதற்கும் ஒரு கட்டுரையா?" என்பர். கிங்கொங், தாராசிங் காலத்திலும் இதே பேச்சு எழுந்ததுண்டு. ஆகவே, பெரியவர்களுக்கு மறுமொழி கூறிவிட்டே மாணவர்களிடம் வருவோம்.

வெற்றி யாருக்கு என்பது முன்னரே தீர்மானிக்கப்படுகின்றது என்பது உண்மையே. இன்று அதனை அத்தொழிலிலுள்ளவர்களே மறுப்பதில்லை. ஆயின் விழுவது உண்மையாகவே விழுவதுதான். கோதாவின் தளம் பஞ்சணையன்று. இரும்புச் சட்டங்களின் மேற் பலகையடுக்கி, அதன்மேல் மெல்லியதொரு மெத்தை விரித்து, கித்தான் துணியால் இழுத்துக் கட்டியது அது. அதன்மேல் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட இரவுகள் முதுகடிக்க வீழ்ந்த மல்லர் பலர் உளர். மற்றைய விளையாட்டுக்களில் எதிரியை வீழ்த்துவது திறமை. இதிலோ எதிரிக்குத் தீங்கு நேராமல் வீழ்த்துவதே திறமை. ஒருவன் தன் உடலை மற்றவன் கையில் நம்பி ஒப்படைக்கின்றான். இதனைக் கூத்து என்று சொல்வதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் கழைக்கூத்தாடி கயிற்றிலிருந்து தவறினால் அவன் எலும்பு முறிவது கூத்தன்று.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒருவரை மாத்திரம் சற்று விரிவாகப் பார்ப்போம். அமெரிக்க டெக்சாஸ் மாநிலத்தவரான ஸ்டீவ் ஒஸ்டின் என்பவரே அவர். மொட்டைத் தலையும் கறுப்பு மேற்சட்டையுமாய், மேலதிகாரியையும் அஞ்சாது அடிக்கும் தொழிலாளி போன்ற வேடத்தில், 1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு இளைஞரின் நெஞ்சைக் கொள்ளை கொண்டவர். முதலாளியாகத் தோன்றிய வின்ஸ் மக்மானை அவர் கோதாவில் வைத்து அடித்தபோதெல்லாம், காலை முதல் மாலை வரை அதிகாரிக்குத் தலை குனிந்தவர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள்.

1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, நியூஜேர்சி மாநிலத்தில், ஓவன் ஹார்ட் என்னும் கனடிய மல்லரோடு அவர் பொருதினார். ஒருவனைத் தலைகீழாகத் தூக்கி, அவன் தலையைத் தன் தொடைகளுக்கிடையே இடுக்கி, அப்படியே கீழே இறக்கும் பிடியொன்று மல்யுத்தத்தில் உண்டு. தூக்கியவன் முழந்தாளில் இறங்கினால், தூக்கப்பட்டவன் தலைக்கும் தளத்திற்கும் இடையே சிறிது இடைவெளி நிற்கும். அன்று ஓவன் முழந்தாளில் இறங்காமல் அமர்ந்தபடியே இறங்கினார். ஒஸ்டினின் உச்சந்தலை நேரே தளத்தில் மோதிற்று. கழுத்தின் வழியே செல்லும் முண்ணாண் கன்றிப்போய், கைகால் அசையாது கிடந்தார். சபையோர் இதுவும் நடிப்பென்றே எண்ணியிருப்பர். ஓவனோ சங்கதியை உணர்ந்து, சபையோரை ஏசுவதுபோல் நடித்து நேரத்தைக் கடத்தினார். மெல்ல அசைவு மீண்டதும் ஒஸ்டின் தவழ்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவனின் கால்களை வளைத்து வீழ்த்தினார். குறித்தபடியே வெற்றி அவருக்காயிற்று. அந்தப் பிடி ஒரு குழந்தையைக்கூட வீழ்த்தியிராது. இத்தொழிலின் கொடுமையும் கண்ணியமும் ஒருங்கே தெரியும் காட்சி இதனைப்போல் வேறில்லை என்பது எமது எண்ணம்.

மனிதக் கழுத்தில் 7 முள்ளென்புகள் உள்ளன என்பதை உயிரியல் கற்கும் மாணவர் அறிவர். அவற்றின் நடுவே செல்லும் முண்ணாண் பெருவிரற் பருமன்கூட இல்லாதது. மூளை கைகாலுக்கு இடும் கட்டளைகள் அவ்வழியாகவே இறங்குகின்றன. கழுத்தின் மேற்பகுதியில் அது அறுந்தால் மூச்சு விடுவதும் தானாக நடவாது. மாவிலங்கை உடைத்தவன் கட்டுப்போட்டு ஆறி எழலாம். முண்ணாண் அறுந்தால் அதனை ஒட்டவைக்கும் வைத்தியம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் டரன் டிரோஸ்டோவ் என்னும் மல்லர், வழக்கமானதொரு பிடி தவறியதால் கழுத்து முறிந்து கைகால் வழங்காமற் போனார். 2023ஆம் ஆண்டில் இறக்கும் வரை சுமார் 24 ஆண்டுகள் அந்நிலையிலேயே வாழ்ந்தார். அவரைத் தூக்கியவர் அவருக்குப் பகைவரல்லர். உடன் தொழில் செய்தவர்.

ஒஸ்டின் சில மாதங்களில் மீண்டு வந்தார். முன்பு பிடியும் பூட்டுமாய் நுட்பமாக மல்லாடியவர், அதன் பின் கழுத்தைக் காத்துக்கொள்வதற்காகக் கைக்குத்தும் காலுதையுமான முரட்டு வழிக்கு மாறினார். உலகம் அவரை அந்த முரட்டு வழிக்காகவே கொண்டாடியது! 1998ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி பொஸ்டன் நகரில் அவர் முதன்முறையாக உலகப் பட்டம் பெற்றபோது, எதிரில் நின்ற ஷோன் மைக்கேல்ஸ் முதுகுக் காயத்தோடு வந்திருந்தார். அன்றிரவே அவர் கோதாவை விட்டுச் சென்று நான்காண்டு திரும்பவில்லை. காயப்பட்ட கழுத்தும் காயப்பட்ட முதுகும் மோதிய போட்டி அது.

1999ஆம் ஆண்டின் இறுதியில் வாகனம் ஒன்று ஒஸ்டினை மோதிவிட்டதாக ஒரு கதை கட்டப்பட்டது. உண்மையில் அவர் சென்றது கழுத்துச் சத்திரசிகிச்சைக்கு. மீண்டும் வந்தார்; மீண்டும் பட்டம் வென்றார். 2003ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி சியாற்றில் நகரில், 'றொக்' எனப்படும் டுவெயின் ஜோன்சனோடு மூன்றாவது முறையாகப் பெருவிழாவிற் பொருதித் தோற்றார். முதல் இரு முறையும் வென்றவர் அவரே. போட்டிக்கு முதல் நாள் அவர் ஆஸ்பத்திரியிற் கிடந்தவர். அதுவே தம் கடைசிப் போட்டி என்பது அவருக்கும் உடனிருந்த ஒரு சிலருக்கும் மாத்திரமே தெரியும். அரங்கில் நிறைந்திருந்த பல்லாயிரவருக்கு அது தெரியாது. அப்போது அவருக்கு வயது 38.

அதன் பின் 19 ஆண்டுகள். இக்காலமெல்லாம் ஆண்டு தவறாமல், "இந்த முறை வருவாரா?" என்ற பேச்சு எழுந்துகொண்டேயிருந்தது. அவர் மறுத்துக்கொண்டேயிருந்தார். மறுக்க அவரால் முடிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு: அவருக்கு வேறு வாழ்க்கை இருந்தது. பண்ணை வைத்தார், படங்களில் நடித்தார், வானொலிப் பேச்சுப் போன்றதொரு உரையாடல் நிகழ்ச்சியை இணையத்தில் நடத்தினார். எம்மவர் நன்கறிந்த தாராசிங்கையும் இங்கே நினைக்கலாம். 1983ஆம் ஆண்டில் மல்யுத்தத்தை விட்டவர், சில ஆண்டுகளில் இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அநுமனாகத் தோன்றினார். அந்த அநுமனைக் கண்டு கைகூப்பிய பாட்டிமார் நம் நாட்டிலும் இருந்தார்கள். வேறொரு வேடம் கிடைத்தவனுக்குப் பழைய வேடத்தைக் கழற்றுவது எளிது. மல்லர் பலருக்கு அப்படிக் கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனம் மல்லரை ஊழியராகக் கணக்கிடுவதில்லை. தனி ஒப்பந்தக்காரராகவே கணக்கிடுகின்றது. நமது அரசாங்க உத்தியோகத்தர் எதிர்பார்க்கும் ஓய்வூதியம் போன்றதொன்று அங்கே இல்லை. அறுபதைக் கடந்தும் சிறிய மண்டபங்களில் மல்லாடும் முதியவரைக் கண்டு நகைப்போர், அவர் வீட்டு அடுப்பையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இனி 2022ஆம் ஆண்டு. ஏப்பிரல் 2ஆம் திகதி, டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்ரன் நகரில் மல்யுத்தப் பெருவிழா. ஒஸ்டின் அதே மாநிலத்தவர். அண்மையிலுள்ள டலஸ் நகரிலேயே அவர் தொழில் பழகியதும் முதற் போட்டி ஆடியதும். கெவின் ஓவன்ஸ் என்னும் கனடிய மல்லர், உரையாடல் ஒன்றுக்கென்று அவரை அழைத்தார். அழைத்தபின் மேடையிலேயே போட்டிக்கு அறைகூவினார். 57 வயது ஒஸ்டின் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழக் கால்மணி நேரம் நடந்த அப்போட்டியில் விதிகள் இல்லை. பெரும்பகுதி கோதாவிற்கு வெளியே, சபையோரின் நடுவே, அடிதடியாகவே கழிந்தது. இறுதியில் தமது பழைய பிடியால் ஒஸ்டின் வென்றார்.

இந்தக் கெவின் ஓவன்ஸ் பற்றி மாணவர் அறிந்திருக்கக்கூடிய செய்தியொன்று: அவர் தம் மைந்தனுக்கு ஓவன் என்று பெயரிட்டார்; அஃது ஓவன் ஹார்ட்டின் நினைவாக. மைந்தனின் பெயரிலிருந்தே தம் மேடைப் பெயரையும் அமைத்துக்கொண்டார். ஓவன் ஹார்ட் 1999ஆம் ஆண்டு மே மாதத்தில், கன்சாஸ் நகரத்து அரங்கொன்றின் கூரையிலிருந்து கம்பியிற் பிணைக்கப்பட்டு இறங்கும் வேளையில் வீழ்ந்து மாண்டவர். ஆக, ஒஸ்டினின் கழுத்தைக் காயப்படுத்திய கையின் பெயரைத் தாங்கிய ஒருவரே, அந்தக் கழுத்தைக் காக்கும் பொறுப்பை அன்று ஏற்றார். கதாசிரியன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

ஒஸ்டின் அன்று வந்தது சரியா? சரியே என்பது எமது தீர்ப்பு. 2003இல் அவர் சொல்லாமற் போனார். போகும்போது விடைபெறும் வாய்ப்பு அவருக்கும் இல்லை, அவரைப் பார்த்தவர்களுக்கும் இல்லை. அந்தக் கடன் தீர்ந்தது. அன்றியும், போட்டியின் வடிவம் அவருடைய உடலுக்கேற்றபடி அமைக்கப்பட்டது. தலைகீழாகத் தூக்கும் பிடிகள் இல்லை. ஆயின் இடையே ஒரு முறை கொங்கிறீற் தரையில் அவர் முதுகடிக்க வீழ்த்தப்பட்டார். அதனை நாம் விரும்பவில்லை. யார் கேட்டார்கள் அதனை? அவர் தோன்றி இரண்டு குத்து விட்டிருந்தாலே அரங்கம் நிறைந்திருக்கும்.

உடலுக்கேற்ப அமைப்பது எப்படி என்பதற்கு இன்னோர் உதாரணம் பிரெற் ஹார்ட். இவர் ஓவனின் தமையன். 1999ஆம் ஆண்டு டிசம்பரில் எதிரியின் உதையொன்று தலையிற் பட்டு மூளை அதிர்ச்சியுற்று, மறு ஆண்டே ஓய்வு பெற்றவர். 2002இல் பக்கவாதமும் கண்டவர். 2010ஆம் ஆண்டில் அவர் திரும்பி வந்து வின்ஸ் மக்மானோடு பொருதியபோது, அடிப்பவர் அவராகவும் அடிபடுபவர் மக்மானாகவுமே போட்டி அமைந்தது. பார்ப்பதற்குச் சுவையற்ற போட்டிதான். எனினும் அன்று இரவு அவர் தம் காலால் நடந்து வீடு சென்றார். எமக்கு அது போதும்.

ஷோன் மைக்கேல்ஸின் கதை வேறு. நான்காண்டு ஓய்வின் பின் 2002இல் மீண்டவர், மேலும் எட்டாண்டு முன்னிலும் சிறப்பாக ஆடினார். காயம் ஆறிய பின் மீள்வதே தவறு என்போருக்கு அவரே தக்க மறுமொழி. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தோற்றால் ஓய்வு என்ற நிபந்தனையோடு அண்டர்ரேக்கரிடம் தோற்று, அழகாக விடைபெற்றார். அதன் பின் எட்டாண்டு அந்த வாக்கைக் காத்தார். 2018 நவம்பரில், 53 வயதில், சவுதி அரேபியாவின் றியாத் நகரில் நடந்த இரட்டையர் போட்டிக்கு வந்தார். போட்டியின் நடுவே அவருடைய துணைவர் றிப்பிள் எச்சுக்கு மார்புத் தசை கிழிந்தது. மற்றவர்களும் மூச்சுத் திணறி நின்றனர். இவருக்கு விடைபெறும் கடன் ஏதும் எஞ்சியிருக்கவில்லை. அழகாக முடிந்த நூலுக்குப் பின்னால் ஒட்டவைத்த காகிதம் போலாயிற்று அது. அவர் வந்திருக்க வேண்டியதில்லை என்று துணிந்து கூறுவோம். றிக் பிளெயர் என்னும் முதியவரோ 2008இல் கண்ணீரோடு விடைபெற்று, அடுத்த ஆண்டே வேறிடத்தில் மல்லாடி, 2022 ஜூலையில் 73 வயதில் 'இறுதிப் போட்டி' என்ற பெயரில் மீண்டும் இறங்கினார். அதனைப் பற்றி நீட்டி எழுத எமக்கு மனமில்லை.

கடினமான வழக்கு எட்ஜ் என்பவருடையது. கழுத்தில் முண்ணாண் செல்லும் வழி ஒடுங்கிவிட்டதென்றும், இன்னுமொரு வீழ்ச்சி கைகாலை வழங்காமற் செய்துவிடலாம் என்றும் வைத்தியர் கூற, 2011 ஏப்பிரலில், கையிற் பட்டத்தோடு, 37 வயதில் ஓய்வு பெற்றவர். 2020 ஜனவரி 26ஆம் திகதி ஹியூஸ்ரன் நகரில், முன்னறிவிப்பின்றி இசை முழங்க அவர் மேடையில் தோன்றியபோது கண் கலங்கி நின்ற முகத்தைப் பார்த்து நாமும் நெகிழ்ந்தோம். ஆனால் அவர் ஒரு போட்டியோடு நிற்கவில்லை. அதே ஆண்டு கைத்தசை கிழிந்தது. 2024இல், 50 வயதில், கூண்டின் உச்சியிலிருந்து குதித்துக் காலெலும்பு முறிந்தது. கழுத்து நின்றது, மற்றவை ஒவ்வொன்றாய் விலை கொடுத்தன. இனி ஏறவே கூடாது என்று 2011இல் கேட்டவரும், 2020இல் ஏறலாம் என்று கேட்டவரும் ஒருவரே. இரண்டு வேளையும் வைத்தியர் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஒன்பதாண்டு ஓய்வு உடலை மாற்றும். வைத்திய அறிவும் வளரும். எனினும், 'ஆம்' என்று சொல்லும் வைத்தியரைத் தேடி அலைவது வேறு. வைத்தியர் சொல்வதைக் கேட்பது வேறு. டானியல் பிறையன் என்பவர் மூளை அதிர்ச்சியினால் 2016இல் ஓய்வு பெற்று, நிபுணர் பலரிடம் தம்மைச் சோதித்து, 2018 மார்ச்சில் அனுமதி பெற்றார். முன்பு மறுத்த நிறுவனமே இறுதியில் ஒப்பியதால் அதனை ஏற்கலாம். ஆயினும், தேடித் திரிந்து பெற்ற 'ஆம்' ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருவோரெல்லாம் பிறையன் அல்லர்.

பெற்றோர் சிலர் இதனைப் படித்து, "அவனுடைய உடல், அவனுடைய விருப்பம்; பிறர் சொல்ல என்ன இருக்கின்றது?" என்று கேட்கலாம். தனியே ஓடும் ஓட்டக்காரனாயின் அப்படியே ஆகட்டும். மல்லன் தனியே விழுவதில்லை. அவனைத் தூக்க இன்னொருவன் வேண்டும். தூக்கும் இளைஞன், எதிரே நிற்பவரின் கழுத்துக்குள்ளே உலோகத் தகடு இருப்பதை அறிந்தே தூக்குகின்றான். கை ஓரங்குலம் தவறினால், விழுந்தவர் நாற்காலியிலும் தூக்கியவன் நித்திரையற்ற இரவுகளிலும் வாழவேண்டும். "மீளலாமா?" என்று தன்னையே கேட்கும் பழைய மல்லன், எதிரே நிற்கப்போகும் இளையவனின் முகத்தையும் பார்த்துக் கேட்பானாக.

ஆரவாரிக்கும் நம்மையும் இதிலிருந்து விலக்கிவிட முடியாது. 'இன்னும் ஒன்று' என்று கேட்பது சபையோரின் வழக்கம். கச்சேரியிலும் கேட்கின்றோம், கோதாவிலும் கேட்கின்றோம். வித்துவான் இன்னொரு துக்கடா பாடினால் அவருக்குத் தொண்டை மாத்திரமே வரளும். மாணவர் எழுதிய கடிதத்தில், "ஒஸ்டின் இன்னும் ஒரு முறை வந்தால் எப்படியிருக்கும்!" என்று ஓரிடத்தில் இருந்தது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2022இல் தீர்ந்த கடனுக்கு மேலதிகமாக அவர் இனிக் கொடுக்கவேண்டியது எதுவுமில்லை.

2025 ஏப்பிரலில் லாஸ் வேகாஸ் நகரத்துப் பெருவிழாவிற்கு ஒஸ்டின் வந்தார். மல்லாடுவதற்கல்ல, கூடியிருந்தோரின் தொகையை அறிவிப்பதற்கு. நான்கு சக்கரச் சிறுவண்டியொன்றைத் தாமே ஓட்டிவந்தவர், வேகம் அடங்காமல் அதனைத் தடுப்பு வேலியில் மோதிவிட்டார். கோதாவில் தப்பிய கழுத்து வண்டியில் அகப்படப் பார்த்தது! நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் நேரவில்லை. இறங்கி, தொகையைச் சொல்லிவிட்டுப் போனார்.